ஹெட்லைட்டுக்குள் வேர்த்தால்: நான் அடைத்த ஓட்டையும் அடைக்க வேண்டிய ஓட்டையும்

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் ஒரே ஹெட்லைட்டை ஐந்து தடவை கழற்றி மாட்டியவன். அதில் மூன்று தடவை, நானே செய்த கோளாறை நானே சரிசெய்வதற்காக. அதனால் இந்த விஷயத்தில் எதைச் செய்யக்கூடாது என்பது கொஞ்சம் நன்றாகவே தெரியும்.

இரவெல்லாம் மழை பெய்த ஒரு காலை. வண்டியை எடுக்கப் போனால், இடது ஹெட்லைட்டின் கீழ் மூலையில், கண்ணாடியில் வாயால் ஊதியது போல ஒரு மங்கல். துணியால் துடைத்தேன், போகவில்லை. உள்பக்கம் படிந்திருக்கிறது. பானெட்டைத் திறந்து லைட்டின் முதுகில் விரலை விட்டுத் துழாவினேன். சுண்டுவிரல் பருமனில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் தட்டுப்பட்டது. முழங்கை மாதிரி வளைந்து, வாயைக் கீழ்ப்பக்கமாகத் திறந்து வைத்திருந்தது. தண்ணீர் உள்ளே போகிற வழி இதுதான் என்று அங்கேயே முடிவு கட்டி, சிலிக்கான் டியூபை எடுத்து அந்த வாயை நிரப்பி அடைத்தேன். அன்று முழுக்க எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம்தான்.

அடுத்த வாரம் அந்த மங்கல் முழு லென்ஸுக்கும் பரவி, முத்து முத்தாகத் துளி கோத்து நின்றது. தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். குனிந்து பார்த்தார், அடைப்பை நகத்தால் சுரண்டினார், அப்புறம் சிரித்தார். “தம்பி, இது மூக்கு. மூக்கை அடைச்சு வெச்சுட்டு ஏன் வேர்க்குதுன்னு கேட்டா நான் என்ன சொல்ல?”

ஹெட்லைட் காற்றுப் புகாத டப்பா இல்லை. பழைய சீல்டு பீம் விளக்குகள் அப்படி இருந்தன. கண்ணாடி, ரிஃப்ளெக்டர், இழை எல்லாம் ஒரே உருவாக மூடப்பட்டிருக்கும். இப்போதுள்ளது வேறு. முன்னால் பாலிகார்பனேட் லென்ஸ், பின்னால் பிளாஸ்டிக் கூடு, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஓரத்தில் ஒரு பசை. உள்ளே 55 வாட் ஹாலஜன் பல்ப் எரிந்தால் காற்று சூடாகி விரியும். அது வெளியே போக வழி வேண்டும். லைட்டை அணைத்ததும் காற்று ஆறிச் சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றோடு ஈரமும் வரும். இரவில் வெளியே பார்த்திருக்கும் லென்ஸ்தான் சீக்கிரம் குளிர்கிறது, ஈரம் அதன்மேல் படிகிறது. மறுபடி லைட் போட்டால் ஆவியாகி வந்த வழியே போய்விடும். இந்தப் போக்குவரத்துக்குத்தான் மூக்கு. அதை அடைத்தால், உள்ளே போன ஈரம் வெளியே வராது. அதோடு, சுருங்கும் காற்று ஓரத்தில் எங்கே பசை பலவீனமாக இருக்கிறதோ அங்கே இழுக்கும். அந்த இடத்தில் மழைத் தண்ணீர் நின்றால் அதையும் சேர்த்து உறிஞ்சும். எனக்கு நடந்தது இதுதான்.

மூக்கு எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி இருக்காது. ரப்பர் முழங்கை, காளான் குடை மாதிரி சின்ன மூடி, ஓட்டையில் செருகிய ஸ்பாஞ்சுத் துண்டு, வட்டமாக ஒட்டிய ஸ்டிக்கர் போன்ற சவ்வு என்று பல விதம். அந்தச் சவ்வு ஆவியை விடும், துளியை விடாது. ஸ்டிக்கர்தானே என்று உரித்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட மூக்குகள் இருக்கும், ஒன்று மேலே, ஒன்று கீழே.

சரி, உங்கள் வண்டியில் இருப்பது வெறும் வேர்வையா, ஒழுகலா? எதையும் கழற்றுவதற்கு முன் இதைத் தீர்மானியுங்கள். எனக்கு உதவியது ஒரு சின்னக் கணக்கு. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஹெட்லைட்டின் உள்ளே 5 லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொண்டால், அதில் இருக்கக்கூடிய மொத்த ஈரமே 0.15 கிராம். மூன்று சொட்டு! அது 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதில் பாதிகூட லென்ஸில் படியாது. ஆகவே மெல்லிய மங்கல் வந்தால் காற்றின் வேலை என்று சொல்லலாம். அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தளும்பினாலோ, லென்ஸில் துளி வழிந்து கோடு போட்டிருந்தாலோ அது காற்று கொண்டுவந்ததாக இருக்க முடியாது. எங்கோ ஓட்டை இருக்கிறது.

மங்கல் மட்டும்தான் என்றால், லோ பீமைப் போட்டு அரை மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பல்புக்கு நேர் எதிரே ஒரு வட்டம் முதலில் தெளிந்து, அந்த வட்டம் மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே போனால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. விட்டுவிடுங்கள். எல்.இ.டி. விளக்கு என்றால் பொறுமை வேண்டும். அதன் சூடு முன்னால் வராது, சூட்டை வாங்கி வெளியேற்றும் பின்பக்கத்து உலோகப் பகுதிக்கு (ஹீட் சிங்க்) போய்விடும். லென்ஸ் குளிர்ந்தே இருப்பதால் மங்கல் தெளிய நேரம் பிடிக்கும். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. இரண்டிலும் ஒரே அளவு என்றால் வானிலை. ஒன்று பளிச்சென்றும் மற்றது குளியலறைக் கண்ணாடி மாதிரியும் இருந்தால் மேலே படியுங்கள்.

வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் கழற்றாதீர்கள். காலை, மாலை இரண்டு வேளையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு சர்வீஸில் காட்டுங்கள். மெல்லிய மங்கல் இயல்புதான் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தண்ணீர் தேங்கியதைப் படத்தில் காட்டினால் அப்படிச் சொல்வது கடினம்.

ஒழுகலைத் தேடத் தொடங்கும் இடம் முன்பக்கம் இல்லை, பின்பக்க மூடி. பல்ப் மாற்றக் கழற்றுவோமே, அந்த ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி. கை நுழையாத சந்தில், கண்ணால் பார்க்காமல் தடவித் தடவி மாட்டுவதால் அது சரியாக உட்காருவதில்லை. என் மச்சான் வண்டியில் இதுதான் நடந்தது. ஹாலஜனை எடுத்துவிட்டு, பின்னால் ஃபேன் வைத்த எல்.இ.டி. பல்பைப் போட்டிருந்தார். ஃபேன் நீட்டிக்கொண்டிருந்ததால் மூடி மூடவில்லை. ‘பின்னாடிதானே, மழை அங்கே எங்கே வரும்’ என்று மூடியை டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவிட்டார். பானெட்டுக்குள் மழை நேராகப் பெய்யாதுதான். ஆனால் சக்கரம் அடிக்கும் தண்ணீரும் இன்ஜின் சூட்டில் கிளம்பும் ஆவியும் எப்போதும் அங்கேயே சுற்றுகின்றன. இரண்டு மாதத்தில் ரிஃப்ளெக்டரின் வெள்ளி நிறப் பூச்சு மீன் செதில் மாதிரி உரிந்து வந்தது. அதற்கு மருந்து கிடையாது, முழு லைட்டையும் மாற்ற வேண்டியதுதான்.

எனவே: இன்ஜினை நிறுத்தி, லைட்டை அணைத்து, பல்ப் ஆறும்வரை காத்திருங்கள். ஸெனான் விளக்கு என்றால் நீங்கள் தொடவே வேண்டாம். பற்றவைக்கும் நொடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும் சாதனம் அது. ஹாலஜன் என்றால் மூடியைக் கழற்றி, அதன் ரப்பர் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து விரலால் சுற்றிலும் தடவுங்கள். ஓரிடத்தில் முறுக்கியோ, வெடித்தோ, காய்ந்து விறைத்தோ இருந்தால் அங்கேதான் கோளாறு. பல்பின் கழுத்தில் ஓ-ரிங் (சின்ன ரப்பர் வளையம்) இருந்தால் அதையும் பாருங்கள். கப்ளரை, அதாவது பல்பில் செருகியிருக்கும் வயர் இணைப்பை, கழற்றி பல்பை எடுக்கும்போது அதன் கண்ணாடியில் விரல் படக்கூடாது. கைப் பிசுக்கு ஒட்டிய இடம் அதிகமாகச் சூடாகி பல்ப் சீக்கிரம் போய்விடும்.

அப்படியே மூக்கையும் பாருங்கள். சேறு அடைத்திருக்கலாம், குழாய் கழன்று விழுந்திருக்கலாம். சிலந்திக்கு இந்தக் குழாய் மேல் தனிப் பிரியம் உண்டு. என் வலது பக்கக் குழாயில் பஞ்சு மாதிரி ஒரு கூடு இருந்தது. குழாயைக் கழற்றி, கழுவி, காயவைத்து மாட்டினால் போதும். ஸ்பாஞ்சு பொடிந்து போயிருந்தால் அதே மாதிரி ஒன்று வாங்கிப் போடுங்கள். வெறும் ஓட்டையாக விடாதீர்கள்.

உலர்த்துவதற்குச் சிறந்த கருவி வெயில். மூடி இரண்டையும் கழற்றி, பானெட்டைத் திறந்து வைத்து, ஈரமில்லாத நாளில் நாலைந்து மணி நேரம் விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். அவசரம் என்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரு ஓட்டை வழியாக ஊதுங்கள். மற்ற ஓட்டை திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரக்காற்று உள்ளேயே சுற்றும். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன்னைக் கொண்டுவராதீர்கள். பாலிகார்பனேட் 150 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும், அந்தக் கருவி அதைவிடப் பல மடங்கு சூடாக ஊதும். குச்சியில் துணி சுற்றி உள்ளே துடைக்கும் ஆசையும் வரும், எனக்கும் வந்தது. ரிஃப்ளெக்டர் மேல் இருப்பது மெல்லிய அலுமினியப் பூச்சு. ஒரு இழுப்புக்கு ஒரு கோடு விழும், அந்தக் கோடு கடைசிவரை இருக்கும். அந்தக் கோட்டை இப்போதும் என் லைட்டில் காட்டலாம்.

சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். உலர்த்தும் அன்று ஒரு இரவு மட்டும், நூலில் கட்டி, நூலின் நுனியை வெளியே விட்டு, பல்பைக் கழற்றிய நிலையில் வைக்கலாம். காலையில் இழுத்து எடுத்துவிடுங்கள். நிரந்தரமாக வைத்தால் ஓரளவோடு அது நிரம்பி, அதற்குமேல் உறிஞ்சாது. எரியும் பல்பில் பட்டால் பொட்டலம் கருகும். நூல் கட்டாமல் போட்ட ஒன்று என் லைட்டின் ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் விழுந்தது. ஐந்து தடவையில் ஒரு தடவை அதை எடுக்கத்தான் கழற்றினேன்.

மூடி, மூக்கு, வளையம் எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் வருகிறதா? அப்போது ஓரப் பசையையும் லென்ஸையும் சந்தேகப்படுங்கள். உலர்த்திய லைட் மேல் தோட்டத்துக் குழாயை மெதுவாகத் திறந்துவிட்டு, கீழிருந்து மேலாக வாருங்கள். அடி ஓரத்தில் இரண்டு நிமிடம், உள்ளே எட்டிப் பாருங்கள். அப்புறம் பக்கவாட்டில் இரண்டு நிமிடம், பாருங்கள். மேல் ஓரம் கடைசி. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எங்கே நுழைந்தது என்று சொல்ல முடியாது. எனக்கு மேல் ஓரத்தில், பானெட் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு நகம் அளவுக்குப் பசை பிளந்திருந்தது. உள்ளே ஒரு துளி முளைத்து, கனத்து, ரிஃப்ளெக்டர் மேல் உருண்டதைக் கண்ணால் பார்த்தேன். பல மாத எரிச்சல் அந்த ஒரு துளியில் தீர்ந்தது.

லைட்டைக் கழற்றிவிட்டால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். மூக்குகளை டேப்பால் தற்காலிகமாக மூடி, ஓரம் முழுக்க சோப்பு நுரை தடவி, பல்ப் ஓட்டை வழியாக ஒரு குழாய் வைத்து வாயால் மெதுவாக ஊதினால் போதும். கம்ப்ரஸரை வைத்து ஊதினால் நல்ல பசையும் பிளந்துவிடும். குமிழி வரும் இடத்தை மார்க்கரால் வட்டம் போடுங்கள். முடிந்ததும் டேப்பை உரிக்க மறக்காதீர்கள்.

பிளவு சின்னது என்றால் அந்த இடத்தைச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்து, சிலிக்கானை உள்ளே அழுந்தும்படி தடவி ஒரு நாள் விடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். காயும்போது அது விடும் அமில ஆவி உலோகப் பூச்சுக்கும் கப்ளர் முனைகளுக்கும் ஆகாது. நியூட்ரல் என்று டியூபில் போட்டிருக்கும், அதை வாங்குங்கள். சுத்தம் செய்ய தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எதுவும் கூடாது. பாலிகார்பனேட்டில் மயிரிழை வெடிப்பு விழும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும்.

பசை முழுவதும் போய்விட்டது என்றால், லைட்டை மின் அடுப்பில் (ஓவன்) வைத்துச் சூடாக்கி லென்ஸைப் பிரித்து புதுப் பசை போடுவார்கள். எல்லாப் பசையும் சூட்டில் இளகுவதில்லை, லென்ஸ் உடையவும் வாய்ப்புண்டு. நான் அந்தப் பக்கம் போகவில்லை. அனுபவம் உள்ளவர்களிடம் கொடுங்கள், அல்லது லைட்டை மாற்றுங்கள். அடியில் டிரில் போட்டு ஓட்டை வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. வடியும். அதே ஓட்டை வழியாகத் தூசியும் சேறும் ஏறும்.

மாட்டி முடித்ததும் வண்டியைச் சுவருக்கு நேராக நிறுத்தி, இரண்டு பக்க வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்று பாருங்கள். கழற்றுவதற்கு முன்பே சுவரில் டேப் ஒட்டிக் குறித்து வைத்தால் வேலை சுலபம்.

நெடுந்தூரம் ஓட்டி வந்த உடனே, லைட் சூடாக இருக்கும்போது வாட்டர் வாஷுக்கு விடுவதை நான் நிறுத்திவிட்டேன். பிரஷர் குழாயை ஓரத்துக்கு நேராகப் பிடிக்கவும் விடுவதில்லை. இடது பக்கம் இப்போது காய்ந்தே இருக்கிறது. வலது பக்கத்தில் மட்டும், குளிர்ந்த காலைகளில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மங்கல் வரும். கிளம்பிக் கால் மணி நேரத்தில் காணாமல் போகும். அதை நான் தொடுவதில்லை.