‘கடன்பொறி’ யார் வைத்த பெயர்? திங்க் டேங்க் அறிக்கைகளைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

2017 டிசம்பரில் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனத்தின் கைக்குப் போனது. கடனைக் கட்ட முடியாமல் இலங்கை துறைமுகத்தையே எழுதிக் கொடுத்துவிட்டது என்று டீக்கடை வரை பேச்சு. கூடவே ‘கடன்பொறி’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது: கட்ட முடியாத கடனைக் கொடுத்துச் சிக்கவைத்து, சொத்தையோ செல்வாக்கையோ பிடுங்குவது என்று பொருள்.

அந்தச் சொல் துறைமுகம் கைமாறுவதற்குப் பதினோரு மாதம் முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது. டெல்லியின் கொள்கை ஆய்வு மையத்தில் இருந்த பிரம்ம செல்லானி 2017 ஜனவரியில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அது இருந்தது. 2018 அக்டோபரில் அமெரிக்கத் துணை அதிபர் மைக் பென்ஸ் சீனாவைச் சாடிப் பேசியபோது, இலங்கையைக் கேட்டுப் பாருங்கள் என்றார். அவர் பேசிய இடம் வாஷிங்டனின் ஹட்சன் இன்ஸ்டிடியூட். அதுவும் ஒரு திங்க் டேங்க்தான், அதாவது கொள்கை ஆய்வு நிறுவனம்.

2020இல் லண்டனின் சாத்தம் ஹவுஸ் என்ற திங்க் டேங்க் இதற்கு நேர் எதிரான அறிக்கை ஒன்றை வெளியிட்டது: கடன்பொறி என்பது கட்டுக்கதை. கொழும்புப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் உமேஷ் மொரமுதலியும் கணக்கைப் பிரித்துக் காட்டினார். குத்தகையில் வந்த 112 கோடி டாலர் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை, அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தூக்கி நிறுத்தத்தான் பயன்பட்டது. துறைமுகம் கட்ட வாங்கிய சீனக் கடன் அப்படியே நின்றது. கழுத்தை நெரித்ததில் பெரும்பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களுக்கு.

ஆக, ஒரே துறைமுகத்தைப் பற்றி டெல்லியில் ஒரு பேச்சு, லண்டனில் வேறொரு பேச்சு. நம் செய்திகளிலோ இரண்டுமே ‘சர்வதேச ஆய்வு நிறுவனம் தெரிவித்துள்ளது’ என்றுதான் வரும். முதல் தவறு இங்கேதான். எந்த நிறுவனம், எந்த ஊர், எழுதியவர் யார் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே குரலாக எடுத்துக்கொள்கிறோம். ஆயுதக் கணக்கை வருடக்கணக்கில் தொகுக்கும் இடமும், ஒரு கொள்கைக்காக வெளிப்படையாக வாதாடும் இடமும் ஒன்றல்ல. வாதாடுவது குற்றமும் இல்லை. வாதத்தை அளவீடு என்று நினைத்துப் படிப்பதுதான் சிக்கல்.

சரி, அளவீட்டுக்கு வருவோம். இங்கே நாம் சறுக்குவது இன்னும் அதிகம்.

ஸ்டாக்ஹோமில் 1966இல் தொடங்கிய அமைதி ஆய்வு நிறுவனமான சிப்ரி ஆண்டுதோறும் ஆயுத இறக்குமதிப் பட்டியலை வெளியிடுகிறது. 2019–23 காலத்துக்கு 9.8 சதவீதத்துடன் இந்தியா முதலிடம். 2020–24 பட்டியலில் உக்ரைன் 8.8 சதவீதத்துடன் முதலிடம், இந்தியா 8.3 சதவீதத்துடன் இரண்டாமிடம். உடனே ‘உக்ரைன்தான் உலகில் அதிக ஆயுதம் வாங்கும் நாடு’ என்று எழுதிவிடுகிறோம். உக்ரைன் அதில் பெரும்பகுதியைக் காசு கொடுத்து வாங்கவில்லை. உதவியாக வந்ததும் அந்தப் பட்டியலில் சேரும்.

அதைவிட முக்கியம், சிப்ரி எண்ணுவது பணத்தையே அல்ல. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் அதன் ராணுவத் திறனை வைத்து ஒரு குறியீட்டு மதிப்பைப் போடுகிறது. பழைய பீரங்கி ஒன்று இன்னொரு நாட்டுப் படையிடமிருந்து வந்தால், புதியதற்கான மதிப்பில் 40 சதவீதம்தான் கணக்கில் ஏறும். இந்த எண்ணை டாலராக்கி பட்ஜெட்டோடு ஒப்பிடுவது, தக்காளியை லிட்டரில் அளந்த மாதிரி. ஐந்தாண்டுத் தொகுப்பை ‘இந்த ஆண்டு’ என்று எழுதுவது இதன் தம்பித் தவறு. இவை எல்லாமே சிப்ரி தளத்தில் செய்முறை விளக்கப் பக்கத்தில் வெளிப்படையாக இருக்கின்றன. யாரும் மறைக்கவில்லை, நாம்தான் அங்கே போவதில்லை.

அடுத்தது, ‘ஆல்’ விகுதியை விழுங்கிவிடுவது. 2002 செப்டம்பரில், இராக் போருக்கு ஆறு மாதம் முன்பு, லண்டனின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.எஸ்.எஸ். இராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அணுப்பிளவுப் பொருள் (குண்டுக்கான யுரேனியம், புளூட்டோனியம் போன்றது) வெளிநாட்டிலிருந்து கிடைத்தால் சில மாதங்களில் இராக் அணுகுண்டு செய்துவிடலாம், தானே தயாரிக்க வேண்டுமென்றால் பல ஆண்டுகள் பிடிக்கும் என்றது. ‘சில மாதங்களில்’ தலைப்பில் ஏறியது, ‘கிடைத்தால்’ காணாமல் போனது. போருக்குப் பிறகு தேடிப் பார்த்தபோது ஆயுதக் கிடங்குகளே இல்லை. நிபந்தனையை உதறிவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் இன்றும் நிறைய. சீனா தைவானைத் தாக்கினால் என்ன ஆகும் என்று திங்க் டேங்குகள் மேசையில் நடத்திப் பார்க்கும் போர் ஒத்திகை பற்றிய செய்திகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

பணத்தைப் பற்றி இரண்டு எதிரெதிர் தவறுகள் உண்டு. ஒன்று, பார்க்காமலே விடுவது. இன்னொன்று, பணம் கொடுத்தவர் பெயரைப் பார்த்ததும் அறிக்கையை மூடிவிடுவது. பஹ்ரைன் அரச குடும்பம் ஐ.ஐ.எஸ்.எஸ்.ஸுக்கு 2.5 கோடி பவுண்டு தந்தது 2016இல் கசிந்த ஆவணங்களில் வெளிவந்தது. அந்த நிறுவனம் பஹ்ரைனில் நடத்தும் பாதுகாப்பு மாநாட்டில் பஹ்ரைனின் உள்நாட்டு அடக்குமுறை எவ்வளவு பேசப்படும் என்று கேட்பது நியாயம். அதற்காக அதே நிறுவனம் 1959 முதல் தொகுத்துவரும் படைபல ஆண்டறிக்கையில் போர்க்கப்பல் எண்ணிக்கை தவறென்று ஆகிவிடாது. சிப்ரிக்கும் ஸ்வீடன் அரசுப் பணம் போகிறது. டெல்லியில் உள்ள நம் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐ.டி.எஸ்.ஏ. பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியில் நடக்கிறது. எந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை என்று தேடினால் பணத்தின் தடம் அங்கே கிடைக்கும்.

ஐ.டி.எஸ்.ஏ. என்றதும் இன்னொன்று. அறிக்கை வெளிவந்து அரசு அதை ஏற்றால்தான் செல்வாக்கு என்று நினைக்கிறோம். திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் அந்த நிறுவனத்தை இரண்டு தடவை நடத்தியவர். இந்தியாவுக்கு அணு ஆயுதம் வேண்டும் என்று பல பத்தாண்டுகள் எழுதியும் பேசியும் வந்தார். 1998இல் பொக்ரானில் சோதனை நடந்தது. அடுத்த ஆண்டு அணுக்கொள்கை வரைவை எழுதிய குழுவுக்கு அவர்தான் தலைவர். கார்கில் ஆய்வுக் குழுவுக்கும் அவரே. இதில் எந்த ஒரு அறிக்கையைப் பிடித்து ‘இதுதான் மாற்றியது’ என்று காட்ட முடியும்?

போலிகளும் இருக்கிறார்கள். 2020இல் இ.யு. டிஸ்இன்ஃபோலேப் என்ற தன்னார்வ அமைப்பு வெளிக்கொணர்ந்த இந்திய ஆதரவு வலையமைப்பில் 750க்கும் மேற்பட்ட போலி ஊடகத் தளங்கள், கூடவே பெயர்ப்பலகை மட்டும் உள்ள திங்க் டேங்குகள். முகவரி, ஆய்வாளர் பட்டியல், பழைய வெளியீடுகள் ஆகியவற்றைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கடைசியாக, மறுப்பு வந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று எண்ணுவது. அம்பாந்தோட்டைக்கே திரும்புவோம். கடன்பொறியை மறுத்தவர்கள் கையில் இருந்த பெரிய ஆதாரம், இலங்கையின் வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு சுமார் 10 சதவீதம்தான் என்பது. இலங்கை 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஆய்வில் அந்தப் பங்கு சுமார் 20 சதவீதம். சீன வளர்ச்சி வங்கியின் கடன் ‘சந்தைக் கடன்’ என்ற தலைப்பிலும், அரசு நிறுவனங்கள் வாங்கியது வேறு ஏட்டிலும் கிடந்தது. அதைத் தேடி எடுத்துக் கூட்டிய இருவரில் ஒருவர், முன்பு கடன்பொறிக் கதையை மறுத்த அதே உமேஷ் மொரமுதலி.