தோட்டத்துக் கொடியும் காய்ந்த பூவும்: இலையுதிர் கால வளையம் கட்டும் முறை

கதவில் மாட்டும் இலையுதிர் கால வளையத்துக்குக் காசு கொடுத்துக் கட்டாயம் வாங்க வேண்டியது ஒரு சுருள் மெல்லிய கம்பி மட்டும்தான். தோட்டக் கத்தரி, கட்டிங் பிளேயர், வாளி எல்லாம் வீட்டில் இருக்கும். மற்றவை செடியிலும் மரத்தடியிலும் கிடக்கின்றன. ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இன்று நீங்கள் கட்டும் வளையம் இரண்டு வாரத்தில் வேறு வளையமாகிவிடும். காம்பு மெலியும், பூ சுருங்கும், இலை சுருளும், இடைவெளி தெரியும். கட்டும் நேரத்து அழகைப் பார்த்து ஏமாறாமல், காய்ந்தபின் எப்படி நிற்கும் என்று யோசித்துக் கட்ட வேண்டும்.

முதலில் அடிச்சட்டம். திராட்சைக் கொடிதான் என் முதல் தேர்வு. இலை உதிர்ந்து, எப்படியும் கொடியைக் கவாத்து செய்யும் நேரம் அது. குப்பைக்குப் போக வேண்டியதைத்தான் எடுக்கிறோம். வில்லோ, விஸ்டீரியா, ஹனிசக்கிள், ஐவி எதுவானாலும் சரி. பென்சில் பருமனிலிருந்து சுண்டுவிரல் பருமன் வரை, ஆளைவிட நீளமாக ஐந்தாறு கொடிகள் வேண்டும். வெட்டிய அன்றே வளைத்துவிட்டால் சொன்னபடி கேட்கும். நாள் ஆகி விறைத்துவிட்டால் ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போடுங்கள்.

இருப்பதிலேயே தடிமனான கொடியை 30 முதல் 35 சென்டிமீட்டர் குறுக்களவில் வளைத்து, முனைகள் சேரும் இடத்தை ஒரு கையால் அழுத்திப் பிடியுங்கள். மிச்ச வாலை அதே வட்டத்தைச் சுற்றி உள்ளே வெளியே என்று முறுக்கிக்கொண்டே போய், முனையை இடுக்கில் செருகுங்கள். அடுத்த கொடியை வேறோர் இடத்திலிருந்து தொடங்குங்கள். எல்லா முனையும் ஒரே பக்கம் சேர்ந்தால் அங்கே மட்டும் புடைத்து, வட்டம் முட்டை வடிவமாகிவிடும். கொடி முறுகும் திசை மட்டும் மாறக் கூடாது. சுருள் சுருளாக இருக்கும் பற்றுக்கம்பிகளை வெட்டிவிடாதீர்கள், வளையத்துக்குக் களை தருவதே அவைதான். முடித்ததைத் தட்டையாக வைத்து, மேலே பலகையும் கனமான எதையாவதும் ஏற்றி ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

சட்டம் சின்னதாக இருக்கிறதே என்று தோன்றும். பூவும் கதிரும் ஏறியதும் சுற்றிலும் பத்து சென்டிமீட்டர் கூடிவிடும். 35 சென்டிமீட்டர் சட்டம் முடியும்போது 55 ஆகியிருக்கும். சாதாரணக் கதவுக்கு அது தாராளம்.

வெட்டும் முன் கொடி என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள். பாய்சன் ஐவி என்ற நச்சுக்கொடி வளரும் பகுதிகளில் மரத்தைப் பற்றிக்கொண்டு ரோமம் ரோமமாக வேர் விட்டிருக்கும் கொடியைத் தொடவே கூடாது. இலையே இல்லாமல் காய்ந்து கிடந்தாலும் அதன் எண்ணெய் தோலில் கொப்புளம் கிளப்பும். ஆரஞ்சு நிறப் பழம் காய்க்கும் ஆசிய பிட்டர்ஸ்வீட் கொடி பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது ஊடுருவிப் பரவும் இடத்தில், வாசலில் மாட்டிய வளையத்திலிருந்து பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கெங்கோ கொண்டு போய்விடும். ஐவி, யூ, ஹாலி செடிகளின் காய்களும் விஸ்டீரியாவின் விதைக்காயும் நச்சுள்ளவை. குழந்தையோ நாயோ உள்ள வீட்டில் கைக்கு எட்டும் உயரத்தில் அவை வேண்டாம்.

சரி, சட்டம் காயும் வாரத்தில் மற்றவற்றைச் சேர்க்கலாம். பலருக்கும் ஏமாற்றம் தருவது இலைதான். மேப்பிள் கிளை ஒன்று செக்கச்செவேலென்று நிற்கிறது, அப்படியே வெட்டி வந்து கட்டுகிறோம், சில நாளில் கதவடியில் இலைக் குவியல், வளையத்தில் வெறும் குச்சி. காரணம் எளிது. இலை நிறம் மாறும்போதே காம்பு கிளையோடு சேரும் இடத்தில் ஒரு பிரிவு அடுக்கை மரம் உண்டாக்கத் தொடங்கிவிடுகிறது. அப்புறம் இலை ஒட்டிக்கொண்டிருப்பது பேருக்குத்தான், காற்றடித்தால் போய்விடும். அதனால் நிறம் மாறிய இலையைத் தனித்தனியாக எடுத்து, செய்தித்தாள் மடிப்புகளில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் வைத்து, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு வாரம் அழுத்துங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தாளை மாற்றினால் நிறம் கருக்காது. பிறகு தேன்மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்கி, இலையைக் காம்பைப் பிடித்து ஒரு முக்கு முக்கி எடுத்து உதறுங்கள். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும். மெழுகு பூசிய இலை சுருளாது, எளிதில் நொறுங்காது.

கிளையோடுதான் இலை வேண்டுமென்றால் கிளிசரின் இருக்கிறது. ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர், அதில் அடித்தண்டைப் பிளந்த கிளையை நிறுத்தி வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் இலை தோல்போல மெத்தென்று, பழுப்பு வெண்கல நிறத்துக்கு வரும். ஆனால் கிளை அதை உறிஞ்ச வேண்டுமே! இலை பச்சையாக இருக்கும் கோடைக் கடைசியிலேயே வெட்டினால்தான் இது நடக்கும்.

பூக்களில் வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஸ்டாட்டிஸ் மூன்றும் எந்த வேலையும் வைக்காதவை. கொத்தாகக் கட்டி இருட்டும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும். ஸ்ட்ராஃப்ளவரை மட்டும் பாதி விரிந்தபோதே பறியுங்கள். பறித்த பின்னும் அது விரியும். முழுதாக விரிந்ததைப் பறித்தால் காய்ந்து நடுப்பகுதி தெரியும். ஹைட்ரேஞ்சியாவுக்கு அவசரம் ஆகாது. இதழைத் தொட்டால் தாளைத் தொடுவதுபோல் சரசரக்கும் வரை செடியிலேயே விட்டு, பிறகு வெட்டி, ஜாடியில் இரண்டு விரற்கடை தண்ணீரில் வைத்து மறந்துவிடுங்கள். தண்ணீர் வற்ற வற்ற அது நின்ற நிலையிலேயே காயும். இளம்பூவைப் பறித்தால் கசங்கிப்போகும். புல் கதிரையும் கோதுமைக் கதிரையும் மணி உதிரத் தொடங்கும் முன்பே அறுத்துவிட வேண்டும்.

பைன் காய்களுக்குள் பூச்சி இருக்கும். தட்டில் தாள் விரித்து ஓவனில் 95 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் வைத்தால் பூச்சி சாகும், பிசின் உருகி மேலே பளபளப்பாகப் படியும், மூடியிருந்த செதில்களும் விரியும். செதிலின் வெளிப்புறம் ஈரத்தில் அதிகம் ஊதும், காய்ந்தால் அதிகம் சுருங்கும். அதனால்தான் வெயிலில் விரிந்து மழையில் மூடிக்கொள்கிறது. வளையத்தில் ஏறிய பிறகும் இந்தப் பழக்கம் போகாது. ஈரமான நாளில் காய்கள் சிறுத்துத் தெரிந்தால் கவலைப்படாதீர்கள். ஓக் கொட்டைகளுக்கு 80 டிகிரியில் ஒன்றரை மணி நேரம், நடுநடுவே புரட்ட வேண்டும். சின்னத் துளை விழுந்த கொட்டையை எடுக்கவே எடுக்காதீர்கள், உள்ளே வண்டுப் புழு குடியிருந்திருக்கும். இரண்டுக்குமே ஓவன் பக்கத்திலிருந்து நகரக் கூடாது.

இப்போது கட்டுவது. நான்கைந்து காம்புகளைச் சேர்த்து, 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிச் சின்னச் சின்னக் கொத்துகளாக முதலில் எல்லாவற்றையும் தயார் செய்து மேஜையில் பரப்புங்கள். இந்த அளவுச் சட்டத்துக்குக் குறைந்தது இருபது வேண்டும். பாதியில் கொத்து தீர்ந்து தோட்டத்துக்கு ஓடினால் அடுத்த பாதி வேறு நிறத்தில் வந்து நிற்கும்.

கம்பியின் நுனியைச் சட்டத்தில் முடிந்து, சுருளை வெட்டாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கொத்தைச் சட்டத்தில் படுக்க வைத்து, காம்புகள் மேல் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் சுண்டி இழுக்க வேண்டும். காம்பு கொஞ்சம் நசுங்கினால் நல்லது, ஏனென்றால் நாளை அது மெலியும்போது கம்பி தளராது. அடுத்த கொத்து, கூரை வேய்கிற மாதிரி, முந்தைய காம்பையும் கம்பியையும் மூடிக்கொண்டு உட்கார வேண்டும். ஒன்று நடுவில், ஒன்று உள்விளிம்பு பார்த்து, ஒன்று வெளிவிளிம்பு பார்த்து என்று மாற்றி மாற்றி வைத்தால் பக்கவாட்டில் சட்டம் வெறுமையாகத் தெரியாது. எல்லாக் கொத்தும் ஒரே திசையில்தான் ஓட வேண்டும். இது போதும் என்று தோன்றும் அளவுக்கு மேல் இன்னும் கொஞ்சம் நெருக்கிக் கட்டுங்கள். கடைசிக் கொத்தின் காம்பை, முதல் கொத்தின் தலையைத் தூக்கிப் பிடித்து அதனடியில் நுழைத்துக் கட்டிவிட்டால், தொடக்கம் எது முடிவு எது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

முழு வட்டத்தையும் நிரப்பியே ஆக வேண்டுமா? எனக்கு இப்போதெல்லாம் முக்கால்வாசி கொடியை வெறுமையாக விட்டு, கீழே இடது பக்கம் மட்டும் கட்டுவதுதான் பிடிக்கிறது. முறுக்கிய கொடிக்கு என்று ஓர் அழகு இருக்கிறதே.

பைன் காயை ஒட்டாதீர்கள், கட்டுங்கள். அடிப்பக்கச் செதில் வரிசைக்குள் கம்பியை நுழைத்து ஒரு சுற்று விட்டு, இரு முனைகளையும் பிளேயரால் முறுக்கினால் இரண்டு கால்கள் கிடைக்கும். அவற்றைச் சட்டத்தினூடே விட்டுப் பின்னால் முறுக்கி, முனையைக் கொடிக்குள் மடக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கதவில் கீறல் விழும். சூடான பசை கடுங்குளிரில் விறைத்து விட்டுவிடும். ஓக் கொட்டையின் தொப்பியைத் திரும்ப ஒட்டவும், மெழுகு இலைகளைச் செருகிய இடத்தில் ஒரு பொட்டு வைக்கவும் மட்டும்தான் நான் பசையை எடுப்பேன். ரோஜாக் காய்களைக் கெட்டியாக, தொட்டால் அமுங்காத நிலையில் வெட்டிக் கடைசியாகச் செருகுங்கள். சுருங்கும், ஆனால் சிவப்பு நிற்கும். மினுமினுப்புத் தூள், ஸ்ப்ரே வண்ணம் எதுவும் வேண்டாம். அவை பட்டதை உரக்குழியில் போட முடியாது.

மாட்டும் முன் வெளியே கொண்டுபோய் ஓர் உதறு உதறினால் சிலந்தியும் தூசியும் உதிர்ந்துவிடும். மழை படாத, நேர் வெயில் விழாத இடம் நல்லது. வெயில் ஒரே மாதத்தில் நிறத்தை உறிஞ்சிவிடும். எல்லாமே காய்ந்த சருகு என்பதால் மெழுகுவர்த்தி, அடுப்பு, ஹீட்டர் பக்கம் கொண்டுபோகக் கூடாது. முதல் வாரம் கழித்து ஒரு தடவை கம்பியைத் தடவிப் பாருங்கள். தளர்ந்த இடத்தில் பின்பக்கம் பிளேயரால் ஒரு முறுக்கு போதும். இடைவெளி தெரிந்தால் மீதி வைத்த கொத்தில் ஒன்றைச் செருகுங்கள். பருவம் முடிந்ததும் கம்பியைப் பிரித்துச் சுருளில் சுற்றி, மெழுகு பூசாத பூவையும் கதிரையும் உரக்குழியில் போட்டு, சட்டத்தை ஈரமில்லாத இடத்தில் ஆணியில் மாட்டிவையுங்கள். திராட்சைக் கொடிச் சட்டம் பல வருஷம் உழைக்கும்.