குரூப்புல யாரு சிரிக்க வைக்கான்னு பைத்தான்ல எண்ணுதது எப்படி

எங்க திருநெல்வேலிப் பக்கம் எந்த வாட்ஸ்அப் குரூப்ப எடுத்தாலும் 'நாந்தாம்லே இங்கன காமெடி'ன்னு ஒருத்தன் திரிவான், பாளையங்கோட்டையோ பேட்டையோ அம்பையோ எல்லா இடத்துலயும் இதே கததான். அவன் சொல்லுதது நெசமான்னு பாக்க பைத்தானும், அதுல அட்டவணை வேலைக்கு உள்ள பாண்டாஸ் லைப்ரரியும் போதும், ஏஐ எல்லாம் வேண்டாம். கொஞ்சம் பொறும மட்டும் வேணும், ஏன்னா தமிழ் எழுத்து உள்ள போனதும் கோடு பல எடத்துல மக்கர் பண்ணும்.

மொதல்ல குரூப் மெனுல எக்ஸ்போர்ட் சாட் குடுத்து, மீடியா வேண்டாம்னு சொன்னா ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரும். குரூப்புல ஒரு வார்த்த சொல்லிட்டே செய்யுங்க, பேரையெல்லாம் அ, ஆ, இ-ன்னு மாத்திக்கிடுங்க, அந்த ஃபைல கண்ட வெப்சைட்டுல ஏத்தாதீங்க.

ஃபைல யூடிஎஃப்-8னு சொல்லித் தொறங்க. வரி தேதில ஆரம்பிச்சா புது மெசேஜ், இல்லன்னா முந்துன மெசேஜோட வாலு, அத அங்கயே ஒட்டிருங்க. ஆண்ட்ராய்டுல தேதி சும்மா வரும், ஐபோன்ல சதுர அடைப்புக்குள்ள வரும். தேதிய மாத்தையில நாள்தான் மொதல்லங்கிறதுக்கு டேஃபர்ஸ்ட் ட்ரூன்னு (dayfirst=True) குடுக்க மறந்துராதீங்க, இல்லன்னா ஏப்ரல் 3-ந்தேதி மார்ச் 4-க்கு ஓடிப்போயிரும். ஏஎம் பிஎம்முக்கு முன்னால சில ஃபோன்ல சாதா ஸ்பேஸ் இல்லாம வேற ஒரு ஒல்லி ஸ்பேஸ் உக்காந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அத சாதா ஸ்பேஸா மாத்துனாத்தான் வரி பிரியும்.

இனிமேதான் சங்கதியே. சிரிப்ப எப்படிப் பிடிக்க? 'ஹாஹா'ன்னு தேடுனா போதும்னு நெனைப்பிய, சும்மா 'ஹா'ன்னு போட்டா கல்யாண மஹாலும் சிரிச்சதா ஆயிரும், அதனால கொறஞ்சது ரெண்டு ஹாவாவது ஒட்டி இருக்கணும்னு வைங்க. இங்கிலீஷ் எழுத்துல அடிச்ச ஹாஹா, கண்ணுல தண்ணி வார எமோஜி எல்லாம் சேத்துக்கிடுங்க. ஆனா திருநெல்வேலிக்காரன் நெசமாவே சிரிச்சா ஹாஹா போட மாட்டான், திட்டத்தான் செய்வான். 'ஏ கோட்டிப்பயலே', 'சாவடிக்காதலே', 'செத்த மூதி', கொஞ்சம் மூத்தவரா இருந்தா 'நீரு கோட்டிக்காரன்வே'. வெறும் ஹாஹா பாதி நேரம் மரியாதைக்குப் போடுதது. இந்த வசவுப் பட்டியல உங்க குரூப்பப் பாத்து நீங்களேதான் எழுதணும், எந்த லைப்ரரிலயும் கெடைக்காது.

பட்டியலோட தேடப் போனா அடுத்த அடி. பைத்தானோட கூட வாற, எழுத்து தேடுத ஆர்-இ (re) மாட்யூல்ல, வசவோட சேந்து வாற 'லே' முழு வார்த்தையா வேணும்னு ரெண்டு பக்கமும் வார்த்த எல்லையக் குறிக்குத பேக்ஸ்லாஷ் பி போட்டுத் தேடுங்க, நாள் பூரா லே போடுத குரூப்புலயும் தனியா நிக்க லே ஒண்ணுகூட மாட்டாது! காரணம் என்னன்னா அந்த மாட்யூலுக்குத் துணைக்காலு, கொம்பு, புள்ளி எதுவுமே எழுத்து கெடையாது, ல மட்டும் எழுத்து, ஒட்டியிருக்க ஏகாரக் கொம்பு அதுக்கு கமா மாதிரி. 'நெல்லை'ய, சேந்து நிக்க எழுத்தெல்லாம் எடுக்குத பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ்ல குடுத்துப் பாருங்க, ந, ல, ல-ன்னு மூணு துண்டாத் திருப்பித் தரும். அதே 'நெல்லை'க்கு நீளம் சொல்லுத லென் (len) கேட்டா 6 சொல்லும், நமக்கு மூணெழுத்து. ரெஜெக்ஸ்னு முழுப்பேருல தனி மாட்யூல் இருக்கு, பிப்ல போட்டுக்கிடுங்க, அதுல வார்த்த ஒடையாது, பேக்ஸ்லாஷ் போட்டு பெரிய எக்ஸ் குடுத்தா நெ, ல், லை-ன்னு ஒழுங்கா மூணா எண்ணும்.

சரி, எல்லையே வேண்டாம்னு சும்மா 'வே' தேடுனா? வேலை, வேண்டாம் எல்லாம் ஏறிரும், போதாக்கொறைக்கு 'திருநெல்வேலி'க்குள்ளயே ஒரு வே இருக்கு, ஊர்ப் பேரச் சொன்னவனெல்லாம் வே போட்டதா ஆயிரும். அதனால வார்த்தையாப் பிரிச்சு, கடைசில வே வருதான்னு மட்டும் பாருங்க. அப்பவும் எனவே, ஆகவே, கூடவே மாட்டும், லே தேடுனா மேலே, முன்னாலே மாட்டும், ஒரு விலக்குப் பட்டியல் வச்சுக்கிடுங்க. தேடுததுக்கு முன்னால எல்லா மெசேஜையும் யூனிகோட்டேட்டா மாட்யூல்ல என்எஃப்சிங்கிற (NFC) ஒரே வடிவத்துக்கு நார்மலைஸ் பண்ணிருங்க. 'கோ'ங்கிறத ஒரே குறியாவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பு தனி கால் தனின்னு ரெண்டாவும் வைக்கலாம், பாக்க ஒண்ணுபோல இருக்கும், ஆனா ரெண்டும் சமமான்னு கேட்டா ஃபால்ஸ்னு சொல்லும், உங்க கோட்டிப்பய மாட்டாமத் தப்பிச்சிருவான்.

அடுத்து, சிரிப்பு யாருக்குச் சேரணும்? நம்மாளுக ஒரு வாக்கியத்த நாலு மெசேஜா அடிப்பாவ, கடைசி மெசேஜ்ல வெறும் 'லே' மட்டும் நிக்கும். அதனால அனுப்புனவன் பேர முந்துன வரியோட பேரத் தார ஷிஃப்ட்டோட (shift) ஒப்பிட்டு, மாறுத எடத்தையெல்லாம் கூட்டிக்கிட்டே வார கம்சம் (cumsum) போட்டு, தொடர்ச்சியா வாறத ஒரே பேச்சா சேத்துருங்க. அப்புறம் சிரிப்பு வந்த பேச்சுக்கு முந்துன பேச்சு யாருதோ அவனுக்கு ஒரு மார்க். எதுக்கு ரிப்ளை பண்ணினான்ங்கிறது எக்ஸ்போர்ட்ல வராது, அதனால சிரிப்பு ரெண்டு நிமிசத்துக்குள்ள வந்தா மட்டும் எடுங்க. முந்துனது 'மீடியா ஒமிட்டட்'டுன்னா மார்க்கே கெடையாது, அவன் யாரோ செஞ்ச வீடியோவத்தான தள்ளிவிட்டிருக்கான், அதுக்கு எதுக்கு இவனுக்குப் பேரு?

மொத்த மார்க்கப் பாக்காதீங்க, நாள் பூரா பேசுதவன்தான் ஜெயிப்பான். பாண்டாஸ்ல ஆளுவாரியாப் பிரிக்குத குரூப்பை (groupby) போட்டு, அவங்கவங்க பேசுன பேச்சோட எண்ணிக்கையால வகுத்துக்கிடுங்க. நூறு பேச்சுக்குக் கொறஞ்சவங்களத் தூக்கிருங்க, இல்லன்னா வருசத்துக்கு ஒருக்க ஆனித் தேரோட்டத்துக்கு எட்டிப் பாக்குத அண்ணாச்சி மொத எடத்துல நிப்பாரு. சாம்பிள் போட்டு அம்பது வரிய எடுத்துக் கண்ணால படிங்க, நெசச் சண்டையில வந்த 'செத்த மூதி' சிரிப்புல சேந்திருக்கும், அத எந்தக் கோடும் கண்டுபிடிக்காது, குரூப்புல இருக்குதவனுக்குத்தான் தெரியும்.

கணக்க வரைபடமாப் போடணும்னா மேட்பிளாட்லிப் லைப்ரரி வேண்டாம், அதோட சொந்த ஃபான்ட்ல தமிழே கெடையாது, கட்டம் கட்டமா வரும், தமிழ் ஃபான்ட் குடுத்தாலும் பழைய வெர்ஷன்ல கொம்பு எடம் மாறி நிக்கும். பிளாட்லிங்கிற (Plotly) இன்னொரு லைப்ரரில போடுங்க, அது பிரவுசர்ல வரையுததால எழுத்து ஒழுங்கா வரும், மேல இருக்க கேமரா பட்டன அமுக்கி படமா எடுத்து குரூப்புலயே போட்டுருங்க, வசவு எவ்வளவு வருதுன்னு அதையும் எண்ணிக்கிடலாம்.