ஆகாயத்தாமரை வேண்டாம், கல்வாழை போதும்: கிணற்றடித் தண்ணீரைத் தெளிய வைக்கும் வழி

குளத்தில் மிதந்து ஊதாப் பூப் பூக்கிற ஆகாயத்தாமரை (water hyacinth) அழுக்குத் தண்ணீரைச் சுத்தமாக்கும் என்பது உண்மைதான். ஒரு செடியைப் பிடுங்கித் தூக்கிப் பாருங்கள், கீழே தாடி மாதிரி கறுத்த வேர் தொங்கும், அதில் சேறு வழுவழுவென்று அப்பியிருக்கும். வேலையெல்லாம் அங்கேதான். கலங்கல் வேரில் ஒட்டிக்கொள்ளும், வேரில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும், நைதரசனையும் பொசுபரசையும் செடி தின்று கொழுக்கும். ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களைக்கூட இழுத்து வைத்துக்கொள்ளும். நாசா ஆட்களே 1970களில் இதை வைத்துக் கழிவு நீரைச் சுத்திகரித்துப் பார்த்தார்கள்.

ஆனால் கொழுத்த செடியை நாம்தான் வெளியே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அது அழுகி, தின்றதையெல்லாம் அதே தண்ணீரில் கக்கிவிடும். வெயிலும் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிக்கிற சாமான் இது. நான் பட்டுத்தான் சொல்கிறேன். வளவுக்குப் பின்னால் இருந்த குட்டையில் ஐந்தாறு செடி போட்டேன், பூ வடிவாக இருக்கிறதென்று வீட்டிலும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, கார்த்திகை மழைக்குக் குட்டை வழிய, செடி வாய்க்காலுக்குள் போய் மதகு வாயில் பாய் விரித்தது மாதிரி அடைத்துவிட்டது. மூன்று நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்தோம். பக்கத்து வயல் அண்ணை பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. இலங்கையில் இது பரவாமல் தடுக்க 1909 இலேயே தனிக் கட்டளைச் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரியும். குளத்தை நம்பிச் சீவிக்கிற வன்னியில் இதைக் கொண்டுவந்து வளர்க்கவே வேண்டாம்.

சரி, கிணற்றடியில் குளித்து, துவைத்து ஓடுகிற தண்ணீருக்கு அதே வேலையை நம் வளவில் நிற்கிற கல்வாழை (canna) செய்யும், அதுவும் ஓடிப்போகாமல். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 12 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு கிடங்கு போதும். கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி வெட்டுங்கள். அடியில் கல், வேர் இல்லாமல் மணல் பரவி, கிழியாத தறப்பாளை இரண்டு மடிப்பாக விரித்து, தண்ணீர் வருகிற பக்கமும் போகிற பக்கமும் பெரிய கல், நடுவில் முக்கால் அங்குலச் சல்லி போட்டு நிரப்புங்கள். சல்லியைக் கழுவிப் போடுவது முக்கியம், நான் பஞ்சியில் கழுவாமல் போட்டு ஒரு வருடத்தில் அடைத்துக்கொண்டது.

வெளியேறும் குழாயில் ஒரு முழங்கை மூட்டு வைத்தால் அதைத் திருப்பியே மட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தண்ணீர் சல்லியின் மேல்மட்டத்துக்கு மூன்று அங்குலம் கீழேயே நிற்க வேண்டும். மேலே தெரிந்தால் நுளம்பு வந்துவிடும்.

குசினித் தண்ணீரை நேரே விடாதீர்கள். முதலில் ஒரு பீப்பாவில் விழ விட்டு, வெளியே போகிற குழாயின் வாயை உள்ளே கீழ்ப்பக்கம் வளைத்துவிடுங்கள், எண்ணெய் மேலே மிதந்து நிற்கும், கிழமைக்கு ஒருதரம் அள்ளிவிடலாம். மலசலகூடத் தண்ணீரை இதில் சேர்க்கவே கூடாது.

கல்வாழைக் கிழங்கை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, வேர் தண்ணீரில் படும்படி நடுங்கள். முதல் மாதம் வாடும், பயப்பட வேண்டாம். அப்புறம் முற்றின தண்டுகளை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் வெட்டி வெளியே எடுங்கள், இதை விட்டால் ஆகாயத்தாமரைக் கதைதான் திரும்பவும்.

கிடங்கிலிருந்து வெளியே வருகிற தண்ணீர் தென்னம்பிள்ளைக்கும் வாழைக்கும் நல்லது. வல்லாரை, பொன்னாங்காணிக்கு ஊற்றாதீர்கள். குடிக்கிற தண்ணீருக்கு இது வழியே இல்லை. வவுனியாப் பக்கம் கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பை எந்தச் செடியும் எடுக்காது.

உங்கள் குளத்தில் ஆகாயத்தாமரை ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் கமநல சேவை நிலையத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் சொல்லிவிட்டு, பூக்கும் முன்னே வேரோடு இழுங்கள். கோடையில் தண்ணீர் வற்றியிருக்கும்போது இழுப்பது லேசு. அணைக்கட்டில் குவிக்காமல், மாரி வெள்ளம் எட்டாத மேட்டில் காயப்போட்டால் மலை மாதிரி இருந்தது ஒரு கைவண்டி அளவுக்குச் சுருங்கிவிடும். சாக்கடை கலக்காத தண்ணீரில் வளர்ந்ததென்றால் மாட்டெருவோடு கலந்து மக்க வைக்கலாம். நகரக் கழிவில் வளர்ந்ததை மாட்டுக்கும் போடாதீர்கள், தோட்டத்துக்கும் போடாதீர்கள்.