குழாய்க் கைப்பிடியைக் கழற்றும் முன்: நான் செய்த, நீங்கள் செய்யக் கூடாத தவறுகள்

குழாய்க் கைப்பிடி தானாக உடைந்து நான் பார்த்தது குறைவு, கழற்றப் போனவர் கையில் உடைந்து பார்த்ததுதான் அதிகம். நானே மூன்று உடைத்திருக்கிறேன். அதில் ஒன்றுக்கு ஒரு குறையும் இல்லை என்பது உடைத்த பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். குழாய் மூக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, கைப்பிடியும் கொஞ்சம் ஆடியது, சரி இது சரியாகப் பிடிக்காததால்தான் குழாய் மூடவில்லை என்று நானே முடிவு கட்டி, பழையதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினேன். பளபளவென்று புதுக் கைப்பிடி, அதே பழைய சொட்டு. கைப்பிடி தண்ணீரைத் தொடுவதே இல்லை. உள்ளே நிற்கும் ஸ்பிண்டில் என்ற தண்டைத் திருப்பிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. மூக்கில் சொட்டினால் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது வாஷர் உட்காரும் இடம் அரித்திருக்கும். கால் சுற்றில் திறக்கும் குழாய் என்றால் பீங்கான் தட்டு வைத்த கார்ட்ரிட்ஜைப் பார்க்க வேண்டும். கைப்பிடிக்கு அடியில் கசிந்தால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், இல்லாவிட்டால் ஸ்பிண்டிலைச் சுற்றியிருக்கும் பேக்கிங். திருப்பவே கஷ்டமாக இருந்தால் உள்ளே உப்பு பிடித்திருக்கிறது. எவ்வளவு திருப்பினாலும் தண்ணீர் வராமல் வெறுமனே சுற்றுகிறதா, அப்போதுதான் கைப்பிடியைச் சந்தேகப்பட வேண்டும். வெறும் ஆட்டம் என்றால் பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூவை இறுக்கினால் போதும், இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை.

கைப்பிடியை மட்டும்தானே கழற்றுகிறோம், தண்ணீரை எதற்கு மூட வேண்டும் என்று தோன்றும். கைப்பிடி சுலபமாக வந்துவிட்டால் நீங்கள் சொல்வது சரிதான். அது ஸ்பிண்டிலோடு ஒட்டிக்கொண்டு, நீங்கள் முறுக்குகிற முறுக்கில் ஸ்பிண்டிலும் சேர்ந்து கழன்று வந்தால், கையால் அடைத்து நிறுத்த முடியாத வேகத்தில் முகத்தில் அடிக்கும். சிங்க்குக்கு அடியில் இருக்கும் வால்வை மூடுங்கள், வெந்நீர், தண்ணீர் இரண்டையும் ஒரே பிடியால் திறக்கும் சிங்கிள் லீவர் குழாயாக இருந்தால் வெந்நீருக்கும் தனி வால்வு இருக்கும், அதையும் மூடுங்கள், அப்புறம் குழாயைத் திறந்து தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வு முழுசாக மூடாமல் சண்டித்தனம் செய்யலாம். அதோடு மல்லுக்கட்டினால் அதுவும் ஒழுக ஆரம்பிக்கும், அதனால் அதை விட்டுவிட்டு மெயின் வால்வுக்குப் போய்விடுங்கள். சிங்க் ஓட்டையில் ஒரு துணியைத் திணிக்க மறக்காதீர்கள். அரிசி மணி அளவு ஸ்க்ரூ ஒன்று உருண்டு போய் ஓட்டைக்குள் விழும் அந்த ஒரு நொடியை வாழ்க்கையில் ஒருமுறை பார்த்தவர்கள் துணி போடாமல் வேலையைத் தொடங்க மாட்டார்கள்.

ஸ்க்ரூவே இல்லையே என்று சொல்லிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து இழுப்பது அடுத்த தவறு. ஏதாவது ஒரு வகையில் பூட்டித்தான் இருக்கும், பிடி எங்கே என்பதைத்தான் ஒளித்து வைத்திருப்பார்கள். தலைப்பகுதியில் சிவப்போ நீலமோ புள்ளி போட்ட சின்ன மூடி இருந்தால் அதற்கு அடியில் பாருங்கள். மெல்லிய பிளேடு முனையில் டேப் சுற்றி ஓரத்தில் நெம்பினால் டப்பென்று வந்துவிடும், க்ரோமிலும் கீறல் விழாது. சில மூடிகளுக்கு மரை இருக்கும், அவற்றை நெம்பக் கூடாது, துணி சுற்றித் திருப்பிப் பாருங்கள். சிங்கிள் லீவரில் லீவருக்குப் பின்னாலோ அடியிலோ குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை தெரியும். அதற்குள்ளே இருப்பதுதான் அல்லன் கீ என்ற அறுகோணச் சாவியால் திருப்ப வேண்டிய தலையில்லாத ஸ்க்ரூ.

இந்தச் சின்ன ஸ்க்ரூவிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். அல்லன் கீயில் மில்லிமீட்டர் அளவு ஒன்று, அங்குல அளவு ஒன்று என்று இரண்டு ஜாதி உண்டு. 2.5 மி.மீ. கீயும் 3/32 அங்குலக் கீயும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் இரண்டாவது 2.38 மி.மீ.தான். 2.5 ஸ்க்ரூவில் அதைப் போட்டால் முதலில் பிடிப்பதுபோல் பாசாங்கு செய்யும், கொஞ்சம் பலம் கொடுத்ததும் நழுவும், இரண்டு மூன்று தடவை நழுவினால் அறுகோணம் வட்டமாகிவிடும். அப்புறம் டிரில் போட்டு எடுப்பதைத் தவிர அதிகம் வழியில்லை. சரியான கீ என்றால் ஆட்டமே இல்லாமல் உட்காரும். உட்காரவில்லையா, ஓட்டைக்குள் உப்பு அடைத்திருக்கலாம். ஊசியால் சுரண்டி, ஊதிவிட்டு, கீ அடிவரை இறங்குகிறதா என்று பார்த்த பிறகே திருப்புங்கள். முழுசாக வெளியே எடுக்கவும் வேண்டாம், இரண்டு சுற்று தளர்த்தினாலே பெரும்பாலும் லீவர் மேலே வந்துவிடும், ஸ்க்ரூவும் தொலையாது.

ஸ்க்ரூ கழன்றுவிட்டது, கைப்பிடி மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. சுத்தியல், பிளையர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் கைக்கு வருவது இந்த இடத்தில்தான். நான் உடைத்த இரண்டாவது கைப்பிடியை இப்போதும் வைத்திருக்கிறேன்: பாதியாகப் பிளந்து கிடக்கிறது, உள்ளே பல்பல்லாக இருக்கும் துளை முழுக்க வெள்ளைத் தூள், விரலால் தேய்த்தால் மாவுபோல உதிர்கிறது. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு உப்பு ஒரு பக்கம். பித்தளை ஸ்பிண்டிலின் மேல் துத்தநாகக் கலவையில் வார்த்த கைப்பிடி, இரண்டுக்கும் நடுவே எப்போதும் ஈரம் என்று இருந்தால் துத்தநாகம் மெல்ல அரித்துப் பொடியாகி அந்த இடைவெளியை அடைத்துக்கொள்வது இன்னொரு பக்கம். சுத்தியலால் தட்டினால் அந்தப் பொடி இளகாது, கைப்பிடிதான் பிளக்கும், போகிற போக்கில் பீங்கான் வாஷ்பேசினும் விரிசல் விடலாம். அதற்குப் பதில் வெள்ளை வினிகரில் துணியை நனைத்துச் சுற்றி, ஸ்க்ரூ ஓட்டைக்குள்ளும் சில சொட்டு விட்டு, அரை மணி நேரம் பொறுங்கள். ராத்திரி முழுக்க ஊற வைத்தால் பூச்சு மங்கிவிடும், அதனால் முடிந்ததும் கழுவிவிடுங்கள். குளோரின் ப்ளீச் போட்டுத் துடைத்த இடம் என்றால் முதலில் நன்றாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள், ப்ளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். உப்பு அதிகம் இல்லை, அரிப்புதான் என்றால் துரு இளக்கும் எண்ணெய் நன்றாக வேலை செய்யும். ஹேர் டிரையரால் கைப்பிடியைச் சூடாக்குவதும் உதவும், ஆனால் அது பிளாஸ்டிக் கைப்பிடிக்கு ஆகாது, எண்ணெய் விட்ட இடத்திலும் வேண்டாம்.

பிறகு இடமும் வலமுமாக லேசாக ஆட்டி ஆட்டி நேராக மேலே தூக்குங்கள். ஆட்டும்போது இன்னொரு கை குழாயின் உடம்பைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். சுவரிலிருந்து வரும் குழாயில் இதை மறந்தால் முறுக்கு முழுக்கச் சுவருக்குள் இருக்கும் இணைப்புக்குப் போகும், அங்கே ஏற்படும் கசிவு சில வாரம் கழித்துச் சுவரில் ஈரக்கறையாகத்தான் தெரியும். கைப்பிடியை மாற்றப்போய்ச் சுவரை உடைப்பார்களா? உடைக்கிறார்கள். எதற்கும் மசியாத கைப்பிடிக்கு ஹேண்டில் புல்லர் என்று ஒரு கருவி இருக்கிறது. இரண்டு கால்கள் கைப்பிடியை அடியில் கவ்வும், நடுத் திருகு ஸ்பிண்டிலை அழுத்தும், திருகத் திருகக் கைப்பிடி நேராக மேலே ஏறும். எப்படியும் தூக்கிப் போடப்போகிற கைப்பிடி என்றால், ஸ்பிண்டிலில் படாமல் ரம்பத்தால் ஒரு பக்கம் அறுத்துவிட்டுப் போங்கள்.

பல் தேய்ந்த கைப்பிடிக்குள் பசையைக் கொட்டி ஒட்டுவதைப் பற்றி ஒரே வரி: அடுத்த முறை வாஷர் மாற்ற வேண்டி வரும்போது குழாயையே மாற்றுவீர்கள்.

புதுசு வாங்கும்போது உருவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஸ்பிண்டில் தலையில் எத்தனை பல், எவ்வளவு விட்டம் என்பதுதான் பொருத்தம். 20 பல் உள்ள ஸ்பிண்டிலில் 24 பல் கைப்பிடியை அடித்து இறக்கினால் இறங்கும், மாட்டின அன்று திரும்பவும் செய்யும், சில நாளில் இரண்டின் பற்களும் மழுங்கி வெறும் சுற்றல்தான். பழைய கைப்பிடியையும் முடிந்தால் ஸ்பிண்டிலையும் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள், போட்டோ உதவாது. ஸ்பிண்டிலின் பல்லே போயிருந்தால், பக்கவாட்டு ஸ்க்ரூவால் கவ்விப் பிடிக்கும் யுனிவர்சல் கைப்பிடி கொஞ்ச காலம் தாங்கும், ஆனால் ஸ்பிண்டிலை மாற்றுவதே சரி.

மாட்டும்போது ஸ்பிண்டில் முழுசாக மூடிய நிலையில் இருக்கட்டும். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் கால் சுற்றுக் குழாயில் கைப்பிடி கோணலாக நிற்கும், சில சமயம் சுவரில் இடித்து முழுசாகத் திறக்காது. கழற்றும் முன்பே ஒரு போட்டோ எடுத்து வைத்தால் இந்தத் தலைவலி இல்லை. பற்களைச் சுத்தமாகத் துடைத்து, அங்கே மெல்லியதாக சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், அடுத்த தடவை கழற்றுவது சுலபம். வீட்டில் இருக்கும் பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், ஓ-ரிங்குகளில் பல ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், ஜெல்லி பட்டால் உப்பிவிடும். ஸ்க்ரூ கெட்டியானதும் நிறுத்துங்கள். பித்தளை மரை மென்மையானது, இன்னும் கொஞ்சம் என்று கொடுக்கும் அந்தக் கடைசி முறுக்கில்தான் மரை கழண்டுபோகும், என் மூன்றாவது கைப்பிடி அப்படித்தான் போனது.

வால்வைத் திறக்கும் முன் குழாய் மூக்கில் இருக்கும் வலையைக் கழற்றி வையுங்கள். மெல்லத் திறந்து, கலங்கலும் துகளும் வெளியேறும்வரை ஒரு நிமிடம் ஓடவிட்டு, கைப்பிடிக்கு அடியில் காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பாருங்கள். நனையாவிட்டால் வலையை மாட்டிவிடலாம், சிங்க் ஓட்டையில் திணித்த துணியையும் எடுத்துவிடலாம்.