பழைய கல் சுவருக்கு சிமென்ட் பால் ஏற்றுவது எப்படி?

கீழக்கரையில் எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒரு கிட்டங்கி (சரக்கறை). சுவரின் இரண்டு பக்கமும் கருங்கல், நடுவே சில்லுக்கல். உப்புக்காற்றும் ஓதமும் அந்த நடுப்பகுதியை அரித்துப் பொந்தாக்கிவிட்டன. வெளியே பார்த்தால் சுவர் ஜம்மென்று நிற்கும். மரச் சுத்தியலால் தட்டினால்தான் குட்டு உடையும்: 'டங்' என்றால் உள்ளே கெட்டி, 'டொப்' என்றால் பொந்து. 'டொப்' வரும் இடங்களில் சாக்பீஸால் குறியுங்கள். அந்தப் பொந்துகளைத்தான் சிமென்ட் பாலால், அதாவது தண்ணீராகக் கரைத்த சிமென்ட்டால், நிரப்பப் போகிறோம்.

பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் என்றால் சிமென்ட் வேண்டாம். அது ஈரத்தை அடைத்து, உப்பைக் கல்லுக்குள் திருப்பிவிடும். கல் பொரிந்து கொட்டும். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை வெட்டத் தடை இருப்பதால் மாற்றுக் கல்லும் கிடைக்காது. அதற்குச் சுண்ணாம்புப் பால்தான். சாய்ந்த சுவர் என்றால் முதலில் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். அரை மீட்டர் இடைவெளியில், வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி, சுவரின் பாதி கனத்துக்கு மேல் துளை போடுங்கள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு செருகி, சுற்றிலும் விரிசல்களிலும் கலவை பூசி அடைத்து, காயவிடுங்கள். அப்புறம் மேல் துளை வழியாகத் தண்ணீர் விட்டு உள்ளே கழுவுங்கள். பூச்சில் எங்கே கசிகிறதோ அங்கே பாலும் கசியும், இப்போதே அடைத்துவிடுங்கள்.

50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 40 முதல் 50 லிட்டர் நல்ல தண்ணீர். இங்கே போர்த் தண்ணீர் கரிக்கும், அதைத் தொடவே கூடாது, கழுவுவதற்கும் சேர்த்துத்தான். கலக்கி, சல்லடையில் வடிகட்டி, கிளறிக்கொண்டே இருங்கள். அரை மணி நேரத்துக்குள் தீர்கிற அளவுக்கு மட்டும் கலக்குங்கள்.

கீழ்வரிசையிலிருந்துதான் ஏற்ற வேண்டும். பக்கத்துக் குழாயில் பால் எட்டிப் பார்த்ததும் இதை அடைத்துவிட்டு அதற்கு மாறுங்கள். பம்ப் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவைத் தாண்ட வேண்டாம். நான் அவசரப்பட்டு பம்பை முறுக்கினேன். மறுபக்கப் பூச்சு அப்பளம்போல் உப்பி, ஒரு கல்லோடு பெயர்ந்து விழுந்தது. கொத்தனார் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அப்புறம் வாளியை ஏணி உச்சியில் கட்டி, ஓஸ் வழியாகத் தானாக இறங்கவிட்டோம். மெதுவாகத்தான் போனது, ஆனால் எதுவும் உடையவில்லை. ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் உயரம் போதும்.

இரண்டு நாள் கழித்துக் குழாய்களை வெட்டி, துளைகளைப் பூசுங்கள். ஒரு வாரம் ஈரம் காக்க வேண்டும். பிறகு அதே சுத்தியலோடு சாக்பீஸ் குறிகளைத் தட்டிப் பாருங்கள். எங்களுக்கு இரண்டு இடத்தில் இன்னும் 'டொப்' கேட்டது; அங்கே மட்டும் மறுபடி துளை போட்டோம்.