கதிரைக்கு ஆள் தேடும் பிழை: பிரான்சிஸ்கன் பொதுநிலையினர் சபையில் தலைவர் தெரிவு

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குக் கூட்டம் நடத்த யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சனசமூக நிலையம், மாதர் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று ஏதோ ஒன்றின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கதிரை அடுக்கித்தான் நாங்கள் வளர்ந்தோம். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். "வேறை பெயர் இருக்கோ?" என்று ஒரு குரல் கேட்கும். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஏகமனதாகத் தெரிவு. தேத்தண்ணி ஆறுவதற்குள் புதிய நிர்வாகம் வந்துவிடும்.

வாசிகசாலைக்கு இது போதும். ஆனால் துறவு பூணாமல் உலக வாழ்விலேயே அசிசி பிரான்சிஸின் வழியில் நடக்க முயலும் கத்தோலிக்கரின் அமைப்பான, எங்கள் ஆச்சிமார் 'மூன்றாம் சபை' என்று சொன்ன பிரான்சிஸ்கன் பொதுநிலையினர் சபைக்குள்ளும் இதே பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். தெரிவில் நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்தவைதான்.

முதலில் வாக்குச் சீட்டு. சபையின் பொது அமைப்பு விதிகள் இதில் இரண்டு விதமாகப் பேசுவதில்லை: தெரிவு இரகசிய வாக்கெடுப்பில்தான் நடக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருமுறை "நாங்கள் பதினேழு பேர்தானே, எல்லாரும் சொந்தக்காரர் மாதிரி, சீட்டு எதுக்கு?" என்று கை உயர்த்தச் சொன்னார்கள். பதினேழு கையும் உயர்ந்தது. அடுத்த மூன்று வருடம் மாதக் கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு மேல் வரவில்லை. முகத்துக்கு முன்னால் 'வேண்டாம்' என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் மனம் வராது. அப்புறம் காலால்தான் வாக்களிப்பார்கள். சீட்டு என்பது சந்தேகத்தின் அடையாளம் இல்லை. கூச்சப்படுகிற கடைசி அக்காவுக்கும் ஒரு குரல் கொடுக்கிற வழி அது.

கணக்கையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தலைவருக்கு வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும், அதாவது பதினேழு பேர் வந்திருந்தால் ஒன்பது. இரண்டு சுற்றிலும் அது கிடைக்காவிட்டால், கூடிய வாக்குப் பெற்ற இருவருக்கிடையில் மூன்றாம் சுற்று. அதிலும் சமமாக வந்தால், சபையில் முதலில் வாக்குறுதி (சபையின் ஒழுங்குப்படி வாழ்வேன் என்ற உறுதி) கொடுத்தவர் தெரிவாவார். உபதலைவருக்கும் இதே முறைதான். நிரந்தர வாக்குறுதி கொடுத்தவர்கள் வாக்களிக்கலாம், தெரிவு செய்யப்படவும் முடியும். தற்காலிக வாக்குறுதியில் இருப்பவர்கள் வாக்களிக்க மட்டும்தான் முடியும். பயிற்சியில் இருக்கும் துடிப்பான ஒரு பிள்ளையைச் செயலாளராக்கிவிடலாம் என்று யாராவது ஆசைப்பட்டால், ஆசை நல்லதுதான், ஆனால் இன்னும் காலம் ஆகவில்லை.

சரி, யாரைத் தெரிவு செய்வது? இங்கேதான் பெரிய பிழை விடுகிறோம். எங்கள் கண் உடனே ஓய்வுபெற்ற அதிபரிடம் போகும். அவர் இல்லாவிட்டால் வங்கி முகாமையாளர், அவரும் இல்லாவிட்டால் வெளிநாட்டில் நாலு பேரைத் தெரிந்தவர். அதிபர்மார் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை, என்னைப் படிப்பித்தவர்களும் அவர்கள்தான். ஆனால் ஒலிவாங்கியில் நன்றாகப் பேசுவது ஒரு திறமை. முழங்கால் நோவால் இரண்டு மாதம் கூட்டத்துக்கு வராமல் இருக்கும் ஒரு வயதான சகோதரியை நினைவு வைத்து, ஓட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போய்வருவது வேறு திறமை. சபைக்கு வேண்டியது இரண்டாவது. தெரிவுக்கு முதல் வாரம் உங்களை நீங்களே ஒன்று கேட்டுப் பாருங்கள்: கடைசியாக எனக்குக் காய்ச்சல் வந்தபோது இந்தக் குழுவில் யார் விசாரித்தது? அந்தப் பெயர் பெரும்பாலும் யாரும் முன்மொழியாத பெயராக இருக்கும்.

சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சபையின் மூல மொழியில் இந்தப் பொறுப்பில் இருப்பவருக்கு 'மினிஸ்டர்' என்று பெயர். இலத்தீனில் அதன் பொருள் ஏவல் செய்பவர், ஊழியர். எங்கள் காதில் மினிஸ்டர் என்றால் முன்னும் பின்னும் வாகனத்தோடு வருகிறவர். அதைத் 'தலைவர்' என்று தமிழாக்கியதில் பாதி அர்த்தம் தலைகீழாகிவிட்டது. பிரான்சிஸ் தன் சகோதரர்களில் யாரையும் மேலாளர் என்ற பொருளில் அழைக்கக்கூடாது, ஒருவர் மற்றவரின் கால்களைக் கழுவட்டும் என்றே எழுதிவைத்தார். பதவி பறிபோகும்போது ஒருவர் எவ்வளவு கலங்குகிறார் என்று பார், கால் கழுவும் வேலை பறிபோனால் அவ்வளவு கலங்குவாரா என்றும் கேட்டார். அவர் சும்மா சொல்லவில்லை. தான் தொடங்கிய துறவற சபையின் பொறுப்பை 1220-இல் தானே விட்டு விலகி, தன் சகோதரர்களில் ஒருவரான பீட்டர் கத்தானியிடம் கொடுத்தார். இந்த மனிதரின் வழியில் நடக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, மாலை, பொன்னாடை, மேடையில் நடுக் கதிரை என்று ஓடினால் எங்கேயோ இடறுகிறது.



அடுத்தது, "சுவாமி சொன்னால் சரி." பங்குத்தந்தையோ, குழுவுக்கு ஆன்மீக வழிகாட்டியாக இருக்கும் ஆன்ம துணைவரோ ஒரு பெயரைச் சொல்லட்டும், நாங்கள் கைதட்டுகிறோம் என்கிற பழக்கம். மரியாதையால் வருவதுதான், ஆனாலும் பிழை. 1978-இல் ஆறாம் பவுல் பாப்பரசர் அங்கீகரித்த சபை ஒழுங்கு, தலைவரையும் அவரோடு சேர்ந்து குழுவை நடத்தும் ஆலோசனைக் குழுவையும் வாக்குறுதி கொடுத்த உறுப்பினர்களே தெரிவு செய்ய வேண்டும் என்கிறது. ஆன்ம துணைவர் ஆலோசனைக் குழுவில் வாக்குரிமையுள்ள உறுப்பினர், பண விடயங்களில் அவருக்கு வாக்கில்லை. ஆனால் பெயர் கொடுப்பது அவர் வேலை இல்லை. தெரிவுக்குத் தலைமை தாங்குவதும் அவர் இல்லை. அதற்கு எங்கள் குழுவுக்கு அடுத்த மேல்நிலைச் சகோதரத்துவத்தின் தலைவரோ அவர் அனுப்பும் ஒருவரோ வர வேண்டும். ஆகவே திகதியை முன்கூட்டியே அறிவியுங்கள். திருவிழா முடிந்த களைப்பில், பூசைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் அரை மணித்தியாலத்தைக் கண்டுபிடித்து முடிக்கிற காரியம் இல்லை இது.

இன்னொன்று, எங்கள் ஊர்த் தாழ்மை. பெயர் சொன்னவுடன் "ஐயோ, நான் வேண்டாம், வேறை ஆரையும் போடுங்கோ" என்று மூன்று தரம் மறுப்பது எங்கள் பண்பு. மனதுக்குள் ஆசை இருந்தாலும் மறுப்போம், உண்மையில் முடியாவிட்டாலும் அதே சொல்லால்தான் மறுப்போம். கேட்பவருக்கு எது எதுவென்று விளங்காது. வீட்டில் படுக்கையில் இருக்கும் தாயைப் பார்க்க வேண்டியிருந்தால் அதை வாக்கெடுப்புக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அப்படி ஒன்றும் இல்லாவிட்டால், "முயற்சி செய்கிறேன், உதவி செய்யுங்கோ" என்று சொல்லி ஏற்றுக்கொள்வது மறுப்பதை விடத் தாழ்மையானது என்பது என் எண்ணம்.

மறுபக்கத்தில், விடவே மாட்டாதவர்களும் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பதில்லை, நாங்கள்தான் விடுவதில்லை. "அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்போம். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போனது எப்படி என்று கேட்கமாட்டோம். பொறுப்புக் காலம் மூன்று வருடம். தலைவரும் உபதலைவரும் தொடர்ந்து இரண்டாம் முறையும் தெரிவாகலாம். மூன்றாவதாகவும் கடைசியாகவும் தொடர வேண்டுமானால் முதல் சுற்றிலேயே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், பதினேழில் பன்னிரண்டு. இங்கே ஒரு குறுக்கு வழி மனதில் வரும்: இந்த முறை அவரை உபதலைவராக்கிவிட்டு, பெயருக்கு ஒருவரைத் தலைவராக வைப்போம். அதுவும் முடியாது. விலகும் தலைவர் உபதலைவராகத் தெரிவாக விதி இடம் கொடுப்பதில்லை. விதி எழுதியவர்கள் எங்களைப் போன்றவர்களை எங்கேயோ பார்த்திருக்க வேண்டும்.

பொருளாளர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிநாட்டில் இருந்து காசு எடுத்துத் தரக்கூடியவர் வேறு, பற்றுச்சீட்டு எழுதுகிறவர் வேறு. இரண்டாமவரைப் போடுங்கள்.

தெரிவு முடிந்த பிறகும் ஒரு பிழைக்கு இடம் இருக்கிறது. எங்கள் குழுவில் கூட்டக் குறிப்புப் புத்தகம் கைமாற நாலு மாதம் எடுத்தது. யாரும் தர மறுக்கவில்லை. "ஆறுதலாக வாங்கோ, கதைச்சுத் தாறன்" என்று பழையவர் சொல்ல, கேட்க வெட்கப்பட்டுப் புதியவர் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். இப்போது தெரிவு நாளன்றே குறிப்புப் புத்தகம், கணக்குப் புத்தகம், அலுமாரித் திறப்பு மூன்றையும் மேசையில் வைத்துவிட்டுத்தான் கூட்டத்தைத் தொடங்குகிறோம். அந்த மேசையைத் துடைத்து வைக்கும் வேலையை விலகும் தலைவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார்.